ஸ்டியரிங்கில் ஆட்டம்

(ஜோகுபாளையத்தில், பழைய கார் வைத்திருப்போரும் அவற்றைப் பழுதுபார்ப்போரும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கு, கொஞ்சம் இறுக்கிக் குடுப்பா." பழைய கார் வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் இது. இந்தச் சின்ன வாக்கியத்தில் இரண்டு பிழை இருக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. ஆட்டம் கையில் தெரிகிறது, அதனால் கோளாறு ஸ்டியரிங்கில் இருப்பதாக நினைக்கிறோம். ஏதோ தளர்ந்ததால்தான் ஆடுகிறது, அதனால் இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். முதல் நினைப்பு பெரும்பாலும் தப்பு. இரண்டாவது ஆபத்து.

இதைப் பேச ஜோகுபாளையத்தைவிடப் பொருத்தமான இடம் பெங்களூரில் குறைவு. ஒரு பக்கம் அல்சூர், மறு பக்கம் இந்திரா நகர், பக்கத்திலேயே ஓல்டு மெட்ராஸ் ரோடு. சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டு செய்த காலத்தில், கோலார், ஹொசகோட்டை வழியாகக் கண்டோன்மெண்டுக்கு வரும் வண்டி இந்தப் பக்கமாகத்தான் ஊருக்குள் நுழையும். எச்.ஏ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ., எம்.இ.ஜி. என்று இயந்திரத்தோடு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தெருக்களில் நிறைய. மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கைகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வண்டிகளை மனத்தில் வைத்துப் பேசுகிறேன். நம் தெருக்களில் இன்னும் ஓடுகிற, அல்லது தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிற, பழைய வண்டிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு.

அம்பாசிடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் வழிவந்தது. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் செய்யப்பட்டது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. தோற்றத்தில் மாட்டு வண்டிக்குச் சொந்தம் போல இருக்குமே தவிர, ஸ்டியரிங் விஷயத்தில் அது அந்தக் காலத்துக்கு நவீனமான வண்டி. 1948-இல் அலெக் இஸிகோனிஸ் மோரிஸ் மைனருக்கு வைத்த ராக் அண்டு பினியன் வகைதான் அதிலும்: தண்டின் முனையில் பினியன் என்ற பல்சக்கரம், அது நகர்த்தும் ராக் என்ற பல்சட்டம். ஃபியட் 1100, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. பிறகு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. அதில் ராக் கிடையாது. வார்ம் பெட்டி, அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், எதிர்ப்பக்கம் ஐட்லர், நடுவே ராடுகள் என்று குடும்பம் பெரிது. ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் பெயரில் வந்தது, இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உடல். 1961 முதல் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வந்தது. ராக் அண்டு பினியன், திரும்பும் வட்டம் சுமார் 25 அடி. ஜோகுபாளையத்துச் சந்துகளில் இன்றைய சின்னக் கார்கள்கூட இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில், ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பும். லண்டன் டாக்ஸிக்கு இணையான வட்டம் அது.

ஹெரால்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். காரணம் பாசம் மட்டும் இல்லை. அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் ராக், கப்ளிங், டை ராடு, சக்கரம் வரை எல்லாம் கண்ணுக்கு முன்னால். முன் டயரின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். பாடம் நடத்த இதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

இன்னொரு சங்கதி. இந்திய ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி. நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று வரிசையாக ஆராயச் சொல்லும் திருக்குறளின் எண்ணும் 948. தற்செயல்தான். ஆனால் 2009-இல் திறந்த வள்ளுவர் சிலை நம் அல்சூர் ஏரிக்கரையிலேயே இருக்கும்போது இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மருந்து என்ற அதிகாரத்தில் அவர் வைத்த வரிசையை ஷெட்டில் தலைகீழாக்குகிறோம். முதலில் மருந்து, அதாவது ஸ்பானர். நோய் எது என்ற கேள்வி பில் போட்ட பிறகு.

சரி, ஆட்டத்தை எப்படித் தேடுவது?

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். முன்சக்கரம் இரண்டும் நேராக, தரையில் இருக்கட்டும். ஜாக்கி வேண்டாம்; டயர் தரையைப் பிடித்திருந்தால்தான் இந்தச் சோதனை பேசும். ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மெல்ல இடமும் வலமும் அசைக்க வேண்டும். ஓட்டுவது போலத் திருப்பக் கூடாது, அசைக்க வேண்டும். டயர் அசையத் தொடங்கும் வரை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். வார்ம் பெட்டி வைத்த ஃபியட்டில் விளிம்பில் ஓர் அங்குலம் வரை போனாலும் நான் பதற மாட்டேன். ராக் வைத்த வண்டியில் அதில் பாதி போனாலே காரணம் கேட்பேன்.

இப்போது இரண்டாமவர் பானெட்டுக்குள் கண்ணை வைக்க வேண்டும். இன்னும் நல்லது, கையை வைப்பது. ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டே கீழே போங்கள். ஒரு மூட்டின் இரண்டு பக்கமும் விரல் இருந்தால், ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் தாமதிப்பது விரலுக்கு உடனே தெரியும்; கண் ஏமாறும், விரல் ஏமாறாது. ஸ்டியரிங் வீல் தண்டின் பற்களில் உட்காரும் இடம், தண்டு வெளிக்குழாயிலிருந்து வெளிவரும் இடம், கப்ளிங், பினியன், ராக், டை ராடின் உள்மூட்டு, வெளிமூட்டு, ஸ்டியரிங் ஆர்ம். மேலிருந்து கீழே, எந்த இடத்தில் அசைவு தொலைகிறதோ அங்கேதான் திருடன்.

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகாது. ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை. இதற்கு இரண்டு ஆள் வேண்டும், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஷெட்டில் இரண்டாவது ஆள் எப்போதும் டீ வாங்கப் போயிருப்பான்.

தரையில் பார்த்து முடித்தபின் முன்பக்கத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு, இல்லாவிட்டால் கனமான மரக்கட்டை. செங்கல் வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் உடையும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஹப் பேரிங்கோ, சக்கரம் ஒடியும் அச்சான கிங்பின்னோ. இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங்பின் பக்கம். அடுத்து டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இதில் தெரிவது டை ராடு எண்டுகளின் தேய்மானம்.

இத்தனையும் பார்த்தபின், "ஸ்டியரிங்ல ஆட்டம்" என்று வந்த வண்டிகளில் குற்றவாளி ஸ்டியரிங் தண்டாக இருப்பது அபூர்வம் என்பது உங்களுக்கே தெரியும். தண்டு சேதி கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு நேர் எதிரான புகார் கனம். "ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கு", "திருப்பினா திரும்பி வர மாட்டேங்குது." இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. எனக்குத் தெரிந்த ஒருவரின் ஹெரால்டு. திருப்பத்தில் ஒடித்தால் ஒடித்த நிலையிலேயே நிற்கும், கையால் இழுத்து நேராக்க வேண்டும். ஒரு ஷெட்டில் ராக் போய்விட்டது என்றார்கள். இங்கிலாந்திலிருந்து ராக் வரவழைத்தார். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வண்டிக்கும் கிட்டத்தட்ட இதே சாமான்தான் என்பதால் அங்கே இன்னும் கிடைக்கிறது. மாட்டினார்கள். அதே கனம். அடுத்த ஷெட்டில் தண்டு வளைந்திருக்கிறது என்றார்கள். தண்டைக் கழற்றி லேத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள், நூல் பிடித்தது போல நேராக இருந்தது. பிறகு அலைன்மெண்ட், பிறகு டயர். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக, புது டயர் அகலமாக இருந்ததால் கனம் இன்னும் கூடியது.

கோளாறு எங்கே இருந்தது? சக்கரத்தின் அடியில். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்பின் மேல்முனையில் பால் ஜாயிண்ட். கீழ்முனை மரையாக இருக்கிறது. அந்த மரை ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கை ஒவ்வொரு முறை ஒடிக்கும்போதும் அந்த மரை அதற்குள் சுழல்கிறது. கம்பெனி அதற்குச் சொன்னது கிரீஸ் இல்லை, 90 கியர் ஆயில். எண்ணெய் மரையின் அடிவரை இறங்கும். கிரீஸ் மேலேயே நின்று, நாளாக ஆக மெழுகாகி, கடைசியில் அடைப்பாகிவிடும். நம் ஊரில் நிப்பிள் என்று ஒன்றைக் கண்டால் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பது பழக்கம். அந்த ஹெரால்டில் பல வருடத்துக் கிரீஸ் கல்லாகி இருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, மரை தேயாமல் இருந்ததை உறுதி செய்து, எண்ணெய் விட்டதும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வந்தது.

கனம் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். காய்ந்த டிரன்னியனுக்குள் தண்ணீர் இறங்கி, துரு பிடித்து, மரை தொடங்கும் இடத்தில் இணைப்பு ஒரு நாள் முறியும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். ஹெரால்டு குடும்பத்து வண்டிகளுக்கு உலகம் முழுதும் தெரிந்த வியாதி இது. பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நடக்கும், அந்த வகையில் புண்ணியம். ஹெரால்டு வைத்திருப்பவர் இந்த உரையில் எதை மறந்தாலும் அந்த 90 ஆயிலை மறக்கக் கூடாது.

கனத்தைத் தேடும் முறை, வண்டியைப் பாதி பாதியாகப் பிரிப்பது. முதலில் டயரில் காற்று. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, பாதி வழக்கு இங்கேயே முடியும். ஹெரால்டுக்கு முன்சக்கரத்தில் பின்சக்கரத்தைவிடக் குறைவாகக் காற்று வைக்கச் சொன்னார்கள்; பின்பக்கத்து ஸ்விங் ஆக்ஸிலின் குணத்துக்காக. அந்த வித்தியாசம் இருக்கட்டும், ஆனால் இரண்டு முன்சக்கரத்திலும் சமமாக இருக்கட்டும். அடுத்து முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். கனம் போகவில்லை என்றால் இரண்டு டை ராடு எண்டையும் ஸ்டியரிங் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். இப்போது சக்கரங்கள் தனி, ஸ்டியரிங் தனி. சக்கரத்தைக் கையால் திருப்பினால் இறுக்கம் தெரிகிறதா? எந்தப் பக்கத்துக் கிங்பின் அல்லது டிரன்னியன் என்று அங்கேயே தெரிந்துவிடும். சக்கரம் இலகுவாகத் திரும்பி, ஸ்டியரிங் மட்டும் கனமாக இருந்தால் ராக் அல்லது தண்டு. கப்ளிங்கைக் கழற்றுங்கள். ஹெரால்டில் அந்த போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக எடுக்க வேண்டும். பினியனில் வெட்டிய பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. தளர்த்திவிட்டு நெம்புகோல் போட்டு இழுத்துப் பினியனைப் பாழாக்கியதைப் பார்த்திருக்கிறேன். கழற்றியபின் தண்டு ஒரு விரலால் சுழல வேண்டும். சுழன்றால் ராக்கைப் பாருங்கள். சுழலாவிட்டால், கடைசியில், உண்மையிலேயே தண்டில்தான் கோளாறு.

டை ராடு எண்டைக் கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை. நட்டைக் கழற்றிவிட்டு மரைமுனையில் சுத்தியலால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரை போய்விடும், எண்டு வராது. ஆர்மின் கண் பகுதியின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் தட்டுங்கள். டேப்பர் தானாக விடும். திரும்ப மாட்டும்போது புது ஸ்பிளிட் பின். பழையதை நிமிர்த்தி மாட்டுவதும், ஆணியை வளைத்துவிடுவதும் வேண்டாம். பத்து ரூபாய் சாமானில் சிக்கனம் பார்க்கிற இடம் இது இல்லை.

இனி தண்டுக்கே வருவோம்.

ஹெரால்டில் வெளிக்குழாய்க்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு புஷ். தண்டு அவற்றில் சுழல்கிறது. அவை தேய்ந்தால் ஸ்டியரிங் வீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்ட முடியும். குண்டு குழியில் டக் டக் என்று சத்தம் வரும். ஆனால் கவனியுங்கள், இந்த ஆட்டத்தால் சக்கரம் திரும்புவது தாமதமாகாது. எரிச்சல் உண்டு, உடனே ஆபத்து இல்லை. புஷ்ஷை மாற்றினால் தீரும். இங்கே நம் ஊர் சாமர்த்தியம் ஒன்று குறுக்கே வரும். "நைலான் எதுக்கு சார், பித்தளையில கடைஞ்சு போட்டா ஆயுசுக்கும் உழைக்கும்" என்பார்கள். நம் டர்னர்களின் கைவேலை அப்படி, அழகாகக் கடைந்தும் தருவார்கள். போட்டபின் திருப்பும்போது கிறீச்சிடும். நைலான் புஷ்ஷுக்கு ஹாரனோடும் ஒரு தொடர்பு உண்டு.

ஹாரனுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் என்ன சம்பந்தம்? பழைய வண்டியில் நிறைய. ஹெரால்டில் ஹாரன் பட்டனை அமுக்கினால் ஹாரனுக்குப் போகும் ஒயர் எர்த் ஆக வேண்டும். அந்த எர்த் போகும் வழி ஸ்டியரிங் தண்டேதான். தண்டு நைலான் புஷ்ஷுக்குள் இருப்பதால் வெளிக்குழாய் வழியாக எர்த் கிடைக்காது. கீழே இறங்கி ராக் வழியாகச் சேஸிஸுக்குப் போக வேண்டும். நடுவே கப்ளிங்கில் ரப்பர் இருக்கிறது, ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் ரப்பரைத் தாண்ட ஒரு சின்ன எர்த் ஒயர் வைத்தான் கம்பெனிக்காரன். கப்ளிங் மாற்றும்போது பத்தில் எட்டுப் பேர் அந்த ஒயரை வேண்டாத சாமான் என்று தூக்கி எறிகிறார்கள். பிறகு ஹாரன் அடிக்காது. ஹாரனை மாற்றுவார்கள், ரிலே போடுவார்கள், டாஷ்போர்டில் தனி ஸ்விட்ச் வைத்து ஓட்டுவார்கள். சோதனை சுலபம். ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையைத் தண்டில், மறு முனையைச் சேஸிஸில் வைத்து ஹாரனை அமுக்குங்கள். அடித்தால் எர்த் ஒயர்தான் இல்லை. ராக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்டையும் புதிதாக மாற்றியிருந்தால், ராக்கிலிருந்து சேஸிஸுக்கு எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள். திருப்பும்போது மட்டும் ஹாரன் தானாக அடித்தால் அது வேறு கதை, பட்டனுக்குக் கீழே உள்ள பிரஷ்ஷும் வளையமும் தேய்ந்து சாய்ந்திருக்கும்.

தண்டு இறுகுவதற்கு முதல் காரணம் வளைவோ தேய்மானமோ இல்லை, மாட்டிய விதம். டாஷ்போர்டுக்கு அடியில் தண்டின் குழாயைப் பிடிக்கும் பிடியை முதலில் இறுக்கிவிட்டு, பிறகு கீழே கப்ளிங்கைப் பினியனோடு நெம்பிச் சேர்ப்பார்கள். தண்டும் பினியனும் ஒரே கோட்டில் வராமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றில் பாதி இலகுவாகவும் பாதி கனமாகவும் தெரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். மருந்து, இறுக்குவதற்கு நேர் எதிர்: பிடி போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சில முறை திருப்புங்கள். தண்டு தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். பிறகு கீழிருந்து மேலாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். மூன்று வண்டிக்கும் இது பொருந்தும்.

ஃபியட் பெட்டிக்கு வருகிறேன். அதன் மேல் மூடியில் ஒரு ஸ்குரூ, அதன் தலையில் லாக் நட். ஆட்டம் என்றதும் எல்லோர் கையும் அங்கேதான் போகிறது, ஸ்குரூ டிரைவருக்கு அவ்வளவு வாகாக இருக்கும் இடம் அது. நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் வார்ம் நடுவில்தான் தேயும், இரண்டு கோடியிலும் புதிது போல இருக்கும். நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை ஸ்குரூவை இறுக்கினால், திருப்பத்தில், தேயாத இடத்தில், பெட்டி கடித்துக்கொள்ளும். கப்பன் ரோட்டில் ஆட்டமில்லாமல் ஓடும் வண்டி, யூ டர்ன் எடுத்தால் நேராகாது. ஆட்டத்தைவிட இது கொடியது. கால் சுற்று இறுக்கி, கோடியிலிருந்து கோடிவரை திருப்பிப் பார்த்து, எங்கேயாவது பிடித்தால் உடனே பழைய இடத்துக்கு விட்டுவிட வேண்டும். மிச்ச ஆட்டம் பெட்டியின் வயசு. அதோடு வாழலாம், இல்லையென்றால் பெட்டியை ஓவர்ஹால் செய்யலாம், மூன்றாவது வழி இல்லை. ஸ்குரூவைத் தொடுவதற்கு முன் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா, பெட்டியை உடலோடு பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்தனவா, ஐட்லர் புஷ் தேய்ந்ததா என்று பார்த்தவரை நான் மேஸ்திரி என்று ஒப்புக்கொள்வேன். ஹெரால்டு ராக்கில் பினியனுக்கு எதிரே இருக்கும் மூடியின் ஷிம்மை உருவி எடுப்பதும் இதே பாவம்தான்.

ஹேண்ட் கியர் பற்றிக் கேட்டு ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் கியர் லிவர் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி இருக்கும். ஒரு ராடு இரண்டு வேலை செய்கிறது: ஏற்றி இறக்கினால் கியர் வரிசை தேர்வாகும், சுற்றினால் கியர் விழும். கீழே அதன் லிவர்களில் புஷ் தேய்ந்தால் இரண்டு லிவரும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சிக்னலில் வண்டி நிற்க, டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வந்து ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். இது கியர் பாக்ஸ் கோளாறு இல்லை, புஷ் கோளாறு. கியர் பாக்ஸை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இப்போது நான் கொஞ்சம் குரல் உயர்த்த வேண்டிய இடம். வெல்டிங்.

பழைய கார்களில் தண்டு என்பது ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக நீட்டிய இரும்பு. முன்னால் மோதினால் பெட்டி பின்னால் வரும், தண்டும் வரும். இப்படிச் செத்தவர்கள் கணக்கில்லாமல் போனதால்தான் மோதும்போது மடங்கும் தண்டு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் அதை வைத்தது. 1968 தொடக்கத்தில் அமெரிக்காவில் சட்டமே வந்தது. ஹெரால்டுக்காரர்கள் அதற்கு முன்பே, 1959-இலேயே, தண்டை இரண்டு துண்டாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி வைத்து, நடுவே ஒரு கிளாம்ப் போட்டிருந்தார்கள். ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கலாம். பலமாக மோதினால் ஒரு துண்டு மற்றதற்குள் போகும். இன்றைய கணக்கில் பெரிய பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் காலத்தில் யோசித்துச் செய்த வேலை.

அந்த கிளாம்ப் தளர்ந்தால் வீல் கையோடு முன்னும் பின்னும் வழுக்கும். கிளாம்பில் இரண்டு போல்ட், நடுவே ஒரு ஆலன் ஸ்குரூ, அதற்கொரு லாக் நட். ஆலன் ஸ்குரூவைச் சரியாக இருத்தி, லாக் நட் போட்டு, போல்ட்டை முறையான அளவுக்கு இறுக்கினால் தீர்ந்தது. இறுக்கினால் ஆட்டம் தீரும் என்று இந்த உரையில் நானே சொல்லும் ஒரே இடம் இது. ஆனால் செய்வது என்ன? ஆலன் கீ கிடைக்கவில்லை என்று இரண்டு துண்டையும் சேர்த்து வெல்டு வைத்துவிடுகிறார்கள். ஆட்டம் போச்சு, வாடிக்கையாளர் மகிழ்ச்சி. வண்டிக்குள் ஈட்டி ஒன்று தயாராகிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் ஹெரால்டில் கிளாம்பைத் தேடிப் பாருங்கள். வெல்டு தெரிந்தால் அந்தத் தண்டு குப்பைக்கு. டை ராடிலும் ஸ்டியரிங் ஆர்மிலும் வெல்டு வைத்ததும், கேஸ் அடித்துச் சூடாக்கி நிமிர்த்தியதும் அப்படியே. அடித்து உருவாக்கிய இரும்பின் பலம் அந்தச் சூட்டோடு போய்விடும், வெளியே தெரியாது.

வீலைக் கழற்றும்போது கீழிருந்து சுத்தியலால் அடிப்பதும் கூடாது. இரண்டு துண்டுத் தண்டில் அடி கிளாம்பில் இறங்கும். புல்லர் போடுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மரை விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வீல் விட்ட வேகத்தில் உங்கள் பல்லைத் தேடும். கழற்றும் முன் சக்கரத்தை நேராக்கி, தண்டிலும் வீலிலும் ஒரு பன்ச் குறி. குறி இல்லாமல் மாட்டி, வீல் கோணலாக நிற்கிறது என்று அலைன்மெண்ட் கடைக்குப் போய் டை ராடைத் திருகுவார்கள். இண்டிகேட்டர் ஒரு பக்கம் தானாக அணையும், மறு பக்கம் அணையாது. அலைன்மெண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. தேய்ந்த எண்டை வைத்துக்கொண்டு செய்த அலைன்மெண்ட், கடை வாசலைத் தாண்டும் வரைதான்.

சாமான் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. ஜே.சி. ரோட்டில் அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் விசாரித்தால் இன்னும் அகப்படும். நல்ல கம்பெனி எண்டாக வாங்குங்கள். சென்னையில் ரானே போன்றவர்கள் 1960களிலிருந்து டை ராடு எண்டு செய்கிறார்கள், இந்த நாட்டில் அந்தச் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. ரப்பர் பூட் கிழிந்திருந்தால் எண்டு நன்றாக இருந்தாலும் பூட்டை மாற்றுங்கள். பெங்களூர் மழைச்சேறு ராக்குக்குள் போனால் அரைக்கும் பசைதான். ராக்குக்குக் கிரீஸ் அடிக்கும்போது நாலைந்து அமுக்குக்கு மேல் வேண்டாம், பூட் வீங்கி வெடிக்கும்.

பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டி மூல வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். சேஸிஸையோ உடலையோ எஞ்சினையோ மாற்றியிருக்கக் கூடாது. உங்கள் ஹெரால்டு அந்த வயதைத் தாண்டியாயிற்று. ஆகவே வண்டியை மூல வடிவிலேயே வையுங்கள். பவர் ஸ்டியரிங் மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் அந்த டிரன்னியனுக்கு எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

நான் பேசியது போதும். கீழே வாசலில் ஒரு ஹெரால்டு நிற்கிறது, பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை அசையுங்கள், மற்றவர்கள் மூட்டு மூட்டாகத் தொட்டுப் பாருங்கள். தயவுசெய்து யாரும் ஸ்பானர் எடுத்துவர வேண்டாம்.